வாய் சொன்னதற்குக் கை பிணை

('களத்தில் வீரனை நிலைநிறுத்துவது வித்தையா? விளம்பரமா?' என்ற பட்டிமன்றத்தில், 'வித்தையே' என்ற அணியில் நிறைவாகப் பேசியது)

அன்பிற்கினிய நடுவர் ஐயா அவர்களே! எனக்கு முன்னால் பேசி, கைதட்டலை எல்லாம் மூட்டை கட்டி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! மீன்பாடி வண்டிக்கும் கண்டெய்னர் லாரிக்கும் நடுவில் எப்படியோ வழி கண்டுபிடித்து இங்கே வந்து சேர்ந்திருக்கிற திருவொற்றியூர், ராயபுரம், காசிமேடு, எண்ணூர் மக்களே! வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் ஒரு கையில் காபியும் ஒரு கையில் ரிமோட்டுமாக, 'இந்தம்மா எப்போ முடிப்பாங்க' என்று காத்திருக்கிற அன்பர்களே! (கைதட்டல்)

மேடை ஏறும்போது எதிரணித் தம்பி என்னைப் பார்த்துக் கேட்டார். "அம்மா, நீங்க தமிழ்ப் பேராசிரியை. புறநானூறு, சிலப்பதிகாரம்னு பேசுறவங்க. சண்டையைப் பத்தி உங்களுக்கு என்னம்மா தெரியும்?"

நான் சொன்னேன், "தம்பி, எனக்குக் கல்யாணமாகி 28 வருஷம் ஆகுது." (சிரிப்பு)

"அந்தக் களத்துல நடுவரும் கிடையாது, மணியும் கிடையாது, ரவுண்டுக்கு ரவுண்டு உட்கார ஸ்டூலும் கிடையாது!" (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் ஐயா, விஷயத்துக்கு வருகிறேன். எதிரணித் தலைவர் அழகாகத் தொடங்கினார். "சரக்கு நல்லா இருந்தா மட்டும் போதாது, கூவி வித்தாத்தான் போணியாகும். பில்டப் இல்லாதவனை யாரு பார்ப்பாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நம்ம வடசென்னை பாஷையில் இதற்கு எத்தனை பெயர்! உதார், பந்தா, கெத்து, சீன். இந்த ஊர்க்காரங்களுக்கு விளம்பரத்தைப் பற்றிப் பாடம் எடுக்க எதிரணி வரவேண்டியதே இல்லை. (சிரிப்பு)

ஆனால் காசிமேட்டில் மீன் வாங்கப் போன ஒரு பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். "வஞ்சிரம் வஞ்சிரம்" என்று கூவுகிறார்கள். குரலைக் கேட்டுப் பக்கத்தில் போவாள். போனவுடனே பணத்தை நீட்டுவாளா? மாட்டாள். குனிந்து, மீனைக் கையில் எடுத்து, செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். உள்ளே சிவப்பாக இருந்தால்தான் பேரமே ஆரம்பம். வெளுத்துப் போயிருந்தால், கூவினவர் தொண்டை கிழியக் கூவினாலும் அடுத்த கூடைக்குப் போய்விடுவாள்.

நடுவர் ஐயா, கூவுவது விளம்பரம். செவுள் என்பது வித்தை. சண்டைக் களம் என்பது என்ன? ஊர் முன்னால் செவுளைத் தூக்கிப் பார்க்கிற இடம்! (கைதட்டல்)

இன்றைக்கு நம் பிள்ளைகள் செல்போனில் ராத்திரி முழுக்கப் பார்க்கிறார்களே, எம்.எம்.ஏ. என்று ஒரு சண்டை. பெரியவர்களுக்காக இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். அதில் குத்தலாம், உதைக்கலாம், கட்டிப்பிடித்துக் கீழே உருட்டலாம், கையையும் காலையும் மடக்கிப் பூட்டுப் போடலாம். பூட்டு விழுந்தவன் தாங்க முடியாமல் கையால் தட்டினால், தோல்வியை ஒப்புக்கொண்டான் என்று பொருள். குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜுஜுட்சு எல்லாம் சேர்ந்த கூட்டாஞ்சோறு. நம் வீட்டுக் கூட்டுக் குடும்பத்தை ஒரு கம்பிவலைக் கூண்டுக்குள் வைத்த மாதிரி! (சிரிப்பு)

அதில் உலகத்திலேயே பெயர் பெற்ற போட்டி யு.எஃப்.சி. 1993 நவம்பர் 12ஆம் தேதி அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் முதல் போட்டி நடந்தது. எடைப் பிரிவு கிடையாது. மலை மலையாக ஆட்கள் வந்தார்கள். ஒரு குத்துச்சண்டைக்காரர் ஒரே ஒரு கையில் மட்டும் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். அந்தக் கூட்டத்தில் ஒல்லியாக, வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு, பிரேசில் நாட்டிலிருந்து வந்த ஒருவர் நின்றார். பெயர் ராய்ஸ் கிரேசி. பார்த்தால் பயம் வராது. பாவம்தான் வரும். அந்த ஒரே ராத்திரியில் மூன்று பேரை வரிசையாகத் தட்ட வைத்து, பட்டத்தை வாங்கிக்கொண்டு போனார். கையுறைக்காரரும் அந்த மூவரில் ஒருவர். யு.எஃப்.சி. பிறந்த நாளிலேயே தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது ஐயா. உருவத்தைப் பார்த்து ஏமாறாதே, வித்தையைப் பார்! (கைதட்டல்)

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மையார் முகமது அலியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். "நானே உலகத்தில் பெரியவன் என்று சொல்லிச் சொல்லியே ஜெயித்தார்" என்றார்கள். அவர் நமக்கும் அந்நியர் இல்லை. 1980 ஜனவரியில் இதே சென்னைக்கு வந்தார். எம்.ஜி.ஆர். முதலமைச்சர். நேரு விளையாட்டரங்கத்தில் ஜிம்மி எல்லிஸ் என்ற இன்னொரு முன்னாள் சாம்பியனோடு காட்சிப் போட்டி ஆடினார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படிக்கிற சிறுமி. எங்கள் தெருவில் ஒரு பையன் கூட அன்றைக்கு ஒழுங்காக நடக்கவில்லை, எல்லாரும் குதிகாலைத் தூக்கித் துள்ளிக்கொண்டே போனார்கள்! (சிரிப்பு)

அந்த அலியின் வாழ்க்கையில் எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். 1954. அவருக்கு 12 வயது. அப்போது பெயர் காஷியஸ் கிளே. ஊர் லூயிவில். அவருடைய சைக்கிளை யாரோ திருடிவிட்டார்கள். அழுதுகொண்டே ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரரிடம் போய், "திருடினவன் கிடைச்சா அடிச்சு நொறுக்கிடுவேன்" என்று உதார் விடுகிறான் பையன். அந்தப் போலீஸ்காரர் என்ன சொன்னார் தெரியுமா? முதலில் சண்டை போடக் கற்றுக்கொள், அப்புறம் அடிப்பதைப் பற்றிப் பேசு என்றார். அவரே பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லித்தந்தவர். உலகத்தின் மிகப்பெரிய வாயாடிக்குக் கிடைத்த முதல் பாடமே நம் அணியின் வாதம்தான் ஐயா! (பலத்த கைதட்டல்)

ஆறு வருஷம் பயிற்சி. 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம். அதற்குப் பிறகு 1961இல்தான் லாஸ் வேகாஸில் கார்ஜியஸ் ஜார்ஜ் என்ற மல்யுத்தக்காரரைப் பார்க்கிறார். அந்த ஜார்ஜ் தன்னைத் தானே புகழ்ந்து, எதிராளியைத் திட்டி, அரங்கத்தை நிரப்புகிற ஆள். 'பாதிப் பேர் நான் ஜெயிக்கிறதைப் பார்க்க வருவான், பாதிப் பேர் நான் தோற்கிறதைப் பார்க்க வருவான், டிக்கெட் ரெண்டு பேருக்கும் ஒரே விலைதான்' என்கிற கணக்கு. அலி அதைப் பிடித்துக்கொண்டார். இயற்கையிலேயே துடுக்கான பேச்சுக்காரர்தான். ஆனால் பேச்சை ஒரு தொழிலாக ஆக்கிக்கொண்டது தங்கம் வாங்கின பிறகு. முதலில் சோறு வெந்தது, அப்புறம் இலை போட்டார். எதிரணி நண்பர்கள் இலையை மட்டும் போட்டுவிட்டுப் பந்தியில் உட்காரச் சொல்கிறார்கள். (சிரிப்பு, கைதட்டல்)

1964இல் சோனி லிஸ்டன். அலிக்கு 22 வயது. ஜெயிப்பார் என்று பெரும்பாலோர் நம்பவில்லை. வாயால் அவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்தார். சரி, ஏழாவது ரவுண்டுக்கு லிஸ்டன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. அதற்குள் ஆறு ரவுண்டு முகத்தில் குத்து விழுந்திருந்தது. வசனம் பட்டு யாருக்கும் முகம் வீங்காது ஐயா. அப்படி வீங்கும் என்றால் எங்கள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது! (சிரிப்பு)

அதே அலி 1971இல் ஜோ ஃப்ரேசியரையும் பேசினார். கேட்கக் கூசுகிற பேச்செல்லாம் பேசினார். ஃப்ரேசியர் பதில் பேசத் தெரியாத மனிதர். நியூயார்க்கில் மோதினார்கள். 15ஆவது ரவுண்டில் ஃப்ரேசியரின் இடது கைக் குத்து ஒன்று விழுந்தது. அலி மல்லாந்தார். நடுவர்கள் மூன்று பேரும் ஒருமனதாக ஃப்ரேசியருக்கே வெற்றி என்றார்கள். அலி பேசாமல் விட்டதால் தோற்றாரா? அன்றைக்கும் நிறையத்தான் பேசினார். ஃப்ரேசியர் பேசி ஜெயித்தாரா? வாயைத் திறக்காமல் ஜெயித்தார்.

"அம்மா, நீங்க பழைய கதையே பேசுறீங்க, இன்னைக்கு நிலைமை வேற" என்று எதிரணித் தம்பி சொன்னார். கானர் மெக்ரிகர் என்ற அயர்லாந்துக்காரரைச் சொன்னார். சரி தம்பி, இன்றைக்கு வருவோம். 2015 டிசம்பரில் ஜோஸ் ஆல்டோ என்ற சாம்பியனை அவர் 13 விநாடியில் வீழ்த்தினார். பத்து வருஷமாகத் தோற்காத ஆல்டோ! "மாதக்கணக்கில் சீண்டிச் சீண்டி ஆல்டோவின் நிதானத்தைக் கெடுத்ததால்தான் ஜெயித்தார்" என்கிறது எதிரணி. இருக்கட்டும், ஒப்புக்கொள்கிறேன். பேச்சு எதிராளியைக் கோபப்படுத்தும். கோபப்பட்டவன் முன்னால் பாய்வான். ஆனால் பாய்கிறவனின் தாடையில், தான் பின்னால் நகர்ந்துகொண்டே, குறி தவறாமல் இடது கையை இறக்கினாரே, அது பேச்சா? வித்தை! பேச்சு கதவைத் திறந்தது. உள்ளே போனது கை.

இப்போது இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். 2018 அக்டோபர் 6. அதே மெக்ரிகர், எதிரே கபீப் நுர்மகமெதோவ். ரஷ்யாவில் தாகெஸ்தான் மலை நாட்டுக்காரர். சொந்த அப்பாவே வாத்தியார். மெக்ரிகர் இந்த முறையும் பேசினார். அப்பாவைப் பேசினார், மதத்தைப் பேசினார், ஒன்றையும் விடவில்லை. விளம்பரம் பிரமாதம். சுமார் 24 லட்சம் பேர் வீட்டிலிருந்தே காசு கட்டிப் பார்த்தார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். எதிரணி சொன்னது உண்மைதான், கூட்டம் சேர்ந்தது! சேர்ந்த அத்தனை கூட்டமும் எதைப் பார்த்தது? நான்காவது ரவுண்டில் கபீப் கழுத்தில் போட்ட பூட்டுக்கு மெக்ரிகர் தட்டித் தோற்றதைப் பார்த்தது! (பலத்த கைதட்டல்) ஒருவர் தோற்பதைப் பார்க்க 24 லட்சம் பேரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்து உட்கார வைத்ததுதான் அந்த விளம்பரம் செய்த வேலை.

அதோடு முடிந்ததா? கபீப் கூண்டைத் தாண்டிக் குதித்து மெக்ரிகரின் ஆட்கள் மேல் பாய்ந்தார். இரு தரப்பும் அடித்துக்கொண்டது. கபீப் செய்ததை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சண்டைக்கு விதி இருந்தது, நேரம் இருந்தது, நடுவர் இருந்தார். அதனால் அது மணி அடித்ததும் முடிந்துவிட்டது. வசைக்கு விதி இல்லை, நேரம் இல்லை, நடுவர் இல்லை. அதனால் அது முடியவே இல்லை.

நடுவர் ஐயா, இந்த இடத்தில் நம் வடசென்னைக்கு வருகிறேன். ஏனென்றால் இந்த உண்மையை அமெரிக்காவுக்கு முன்னாலேயே பார்த்த ஊர் இது.

வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து இறக்கியது குத்துச்சண்டை. துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்கள், வலை இழுத்தவர்கள், ஆலையில் ஷிப்டு பார்த்தவர்கள் அதைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்று பரம்பரைகளே உண்டாயின. பரம்பரை என்றால் ரத்த உறவு இல்லை ஐயா. ஒரே வாத்தியாரிடம் கற்ற உறவு. நம் தமிழில் 'வாத்தியார்' என்று பெயர் எடுத்தவர்கள் மூன்று பேர். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தவர் ஒருவர், சினிமாவில் எம்.ஜி.ஆர். ஒருவர், வடசென்னையில் குத்துச்சண்டை சொல்லித்தந்தவர் இன்னொருவர். (கைதட்டல்)

அந்தப் போட்டிக்கு இந்த ஊர் வைத்த பெயர் 'ரோசமான குத்துச்சண்டை'. பாருங்கள், பெயரிலேயே விளம்பரம் இருக்கிறது! நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாத்தியார் பையனுக்கு என்ன சொல்லித்தந்தார்? ரோசத்தையா? அது பையனிடம் ஏற்கெனவே நிறைய இருந்தது. முதலில் நிற்கச் சொல்லித்தந்தார். எந்தக் கால் முன்னால், எந்தக் கால் பின்னால், எடை எதில் இருக்க வேண்டும். அப்புறம் கையைத் தூக்கி முகத்தைக் காக்கச் சொல்லித்தந்தார். அப்புறம் நகரச் சொல்லித்தந்தார். அடிக்கச் சொல்லித்தந்தது கடைசியில்தான். கடற்கரை மணலில் ஓடவிட்டு, கயிறு தாண்டவிட்டு, மூச்சைப் பழக்கினார். நான் மாணவர்களுக்கு எழுத்து, சொல், பொருள் என்று வரிசையாகத்தான் நடத்துகிறேன். எழுத்தே தெரியாதவனைப் பொருளதிகாரத்தில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? எதிரணியில் பேசின மாதிரி ஆகும்! (பலத்த சிரிப்பு)

கித்தேரி முத்து என்று ஒரு வீரர் சார்பட்டாவில் இருந்தார். அன்றைக்குப் பெரும்பெயர் பெற்றிருந்த நாட் டெர்ரியை அவர் வென்றார் என்றும், தந்தை பெரியார் அவரைத் 'திராவிட வீரன்' என்று பாராட்டினார் என்றும் இந்தப் பகுதிப் பெரியவர்கள் இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். பெயர் முதலில் வந்ததா, குத்து முதலில் வந்ததா? குத்து வந்தது, வெற்றி வந்தது, பெயர் தேடிக்கொண்டு வந்தது.

2021இல் இயக்குநர் பா.ரஞ்சித் 'சார்பட்டா பரம்பரை' எடுத்தபோது இந்த வாழ்க்கையைத் தமிழ்நாடே பார்த்தது. எதிரணித் தம்பி 'டான்சிங் ரோஸ்' பாத்திரத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். "ஆடிக் காட்டினார், அதனால்தான் நினைவில் நிற்கிறார்" என்றார். தம்பி, அந்த ஆட்டத்தை நன்றாகப் பாருங்கள். அவர் உடம்பு வளைந்ததெல்லாம் குத்து வந்த இடத்தில். கால் நகர்ந்ததெல்லாம் அடுத்த குத்துக்கு வழி பண்ண. அந்த ஆட்டமே வித்தை ஐயா! அதே படத்தில் கபிலன் என்ன ஆகிறான்? வாத்தியார் பேச்சை விட்டு, அடியாள் பேச்சு பேசி, உடம்பு தளர்ந்து, ஊர் சிரிக்க நிற்கிறான். அப்போது அவனை மீட்டெடுத்தது சுவரொட்டியா? கடற்கரையில் மறுபடியும் முதலிலிருந்து எடுத்த பயிற்சி.

கதையில் மட்டும் இல்லை. இந்த மண்ணில் அந்தப் பரம்பரைப் போட்டிகள் ஏன் மங்கின? வித்தை குறைந்ததாலா? மேடைக்கு வெளியே ரோசம் மிகுந்ததால். மணி அடித்த பிறகும் முடியாத பகையும் தகராறும் அந்தக் கலையின் பெயரைக் கெடுத்தன. வித்தை வளர்த்ததை விளம்பரம் அழித்தது. மெக்ரிகர் கூண்டில் 2018இல் உலகம் பார்த்ததை, இந்த ஊர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பார்த்து வலித்துவிட்டது.

"அப்படியானால் வீரன் ஊமையாக இருக்க வேண்டுமா?" என்று எதிரணி கேட்கும். இல்லை. வீரன் பேசலாம். எப்படிப் பேச வேண்டும் என்று 2000 வருஷத்துக்கு முன்பே தமிழன் இலக்கணம் வகுத்து வைத்திருக்கிறான். இப்போதுதான் ஐயா நான் என் ரிங்குக்குள் வருகிறேன்! (சிரிப்பு, கைதட்டல்)

பாண்டியன் நெடுஞ்செழியன் சின்ன வயதில் அரியணை ஏறினான். எழுவர் சேர்ந்து படையெடுத்தார்கள். "எங்களிடம் யானை இருக்கிறது, தேர் இருக்கிறது, குதிரை இருக்கிறது, அவன் சின்னப் பையன்" என்று சிரித்தார்கள். புறநானூற்றில் இருக்கிறது. இதைத்தான் இன்றைக்கு மைக்கை வைத்துக்கொண்டு சண்டைக்கு முன்னால் பண்ணுகிறார்கள். அவன் என்ன பதில் சொன்னான்? "நான் பெரியவன்" என்று சொல்லவில்லை. "இவர்களை நான் வெல்லாவிட்டால் என் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும். மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும். கேட்டு வந்தவர்க்குக் கொடுக்க முடியாத வறுமை என்னைச் சேரட்டும்" என்றான். தலையாலங்கானத்தில் வென்றும் காட்டினான்.

இதற்குப் பெயர் வஞ்சினம். வஞ்சினத்துக்கும் சவடாலுக்கும் என்ன வித்தியாசம்? சவடால் விடுகிறவன் எதிராளியைப் பணயம் வைக்கிறான். வஞ்சினம் சொல்கிறவன் தன்னையே பணயம் வைக்கிறான். சவடாலுக்கு நாக்கு போதும். வஞ்சினத்துக்குக் கை பிணை நிற்க வேண்டும்! (பலத்த கைதட்டல்)

இந்தத் திருவொற்றியூரில் நின்று பிணையைப் பற்றிப் பேசினால் மகிழமரத்தை மறக்க முடியுமா? சுந்தரர் இந்த ஊரில் சங்கிலியாரை மணக்கும்போது "உன்னைப் பிரிந்து போக மாட்டேன்" என்று சத்தியம் செய்ய வேண்டும். அவர் இறைவனிடமே தந்திரம் பேசினார். "நான் கோயிலுக்குள் சத்தியம் செய்யும்போது நீர் போய் மகிழ மரத்தடியில் இரும்" என்றார். சங்கிலியார் தரப்பு "கோயிலில் வேண்டாம், மகிழ மரத்தடியிலேயே செய்யுங்கள்" என்றுவிட்டது. (சிரிப்பு) இதுதான் ஐயா எதிராளியின் குத்து எங்கே வரும் என்று தெரிந்துகொண்டு நிற்கிற வித்தை! பிறகு சத்தியத்தை மீறி இந்த ஊர் எல்லையைத் தாண்டினார், கண் பார்வை போனது என்கிறது பெரிய புராணம். இறைவனின் தோழருக்கே, சொன்ன சொல்லுக்கு உடம்பு விலை கொடுக்க வேண்டி வந்தது. நாமெல்லாம் எம்மாத்திரம்?

(நடுவர் மணி அடிக்கிறார்)

முதல் மணிதான் அடித்திருக்கிறார். இன்னும் ஒரு ரவுண்டு இருக்கிறது. (சிரிப்பு)

ஐயா, இவ்வளவு நேரம் சிரித்தோம். ஒரு விஷயத்தைச் சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போகிறேன். இந்தக் கேள்வி நமக்கு ஏன் முக்கியம்? மேடையில் தோற்றால் நான் ஒரு காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். களத்தில் தோற்கிறவனுக்கு உடம்பு போகும்.

அலி சென்னைக்கு வந்தது 1980 ஜனவரி என்றேனே. அதே வருஷம் அக்டோபர் 2ஆம் தேதி மறுபடியும் பட்டத்துக்காக ரிங்கில் ஏறினார். வயது 38. எதிரே லாரி ஹோம்ஸ். ஒரு காலத்தில் அலிக்கே பயிற்சித் துணையாக இருந்த பையன். பெயர் பழைய பெயர்தான், விளம்பரம் பழையதைவிடப் பெரிது. கால்தான் பழைய கால் இல்லை. 10 ரவுண்டு அடி வாங்கினார். பிறகு அவருடைய பயிற்சியாளரே போதும் என்று நிறுத்தினார். 1984இல் அவருக்கு நடுக்குவாத நோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். உலகத்தையே பேசி மயக்கிய அந்த வாயில் சொல் வருவதற்குச் சிரமப்பட்டதை 2016இல் அவர் மறையும் வரை உலகம் பார்த்தது. வித்தை போன பிறகும் விளம்பரம் ஒரு மனிதனை ரிங்குக்குள் தள்ளும். தள்ளிவிட்டுத் தான் மட்டும் வெளியே நின்றுகொள்ளும். குத்து வாங்குவது விளம்பரம் இல்லை, மனிதன்! (அமைதி, பிறகு கைதட்டல்)

அந்த கபீபை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். 2020 ஜூலையில் அவருடைய அப்பா இறந்துபோனார். அக்டோபரில் ஒரு போட்டியில் ஜெயித்தார். 29 போட்டி, 29 வெற்றி. கூண்டுக்குள்ளேயே கையுறையைக் கழற்றி வைத்தார். அப்பா இல்லாமல் இனி சண்டை போட மாட்டேன், இதுதான் கடைசி என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார். இன்னும் கோடி கோடியாகக் கொட்டியிருக்கும். விளம்பரம் கூப்பிட்டது, அவர் போகவில்லை. பேசுவதில் வீரம் இதுதான் ஐயா. சொன்னார், நின்றார்.

இங்கே வந்திருக்கிற தாய்மார்களே, உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இருப்பான். மெக்ரிகர் மாதிரி தாடி வைத்துக்கொண்டு, தோளை ஆட்டி ஆட்டி நடப்பான். அவனைத் திட்டாதீர்கள். அவனுக்கு இருக்கிற ரோசம் இந்த மண் கொடுத்தது. "சரிப்பா, நடை நல்லா இருக்கு, நிக்கத் தெரியுமா? வா, ஒரு வாத்தியாரிடம் போகலாம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். நிற்கக் கற்றுக்கொண்டவன் தெருவில் கை ஓங்க மாட்டான். தன் குத்துக்கு என்ன விலை என்று அவனுக்குத் தெரியும். தெரியாதவன்தான் தெருவில் ஓங்குவான். அவனைத்தான் யாராவது ஒருவர் வந்து அடியாளாக விலைக்கு வாங்குவார்.

மகள் இருந்தால் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். 2016இல் வந்த 'இறுதிச்சுற்று' படத்தில் மீனவர் குப்பத்துப் பெண்ணாக நடித்தாரே ரித்திகா சிங், அவர் நடிக்க வருவதற்கு முன்பே எம்.எம்.ஏ. கூண்டில் நிஜமாகச் சண்டை போட்டவர். சுதா கொங்கரா குத்துச்சண்டைக்கு நடிகையைத் தேடவில்லை, நடிப்புக்குச் சண்டைக்காரியைத் தேடினார். அதனால்தான் அந்தக் குத்து நம் மேல் விழுந்த மாதிரி இருந்தது.

கடைசியாக ஒன்று. பக்கத்தில் புதுவண்ணாரப்பேட்டையில் ஒரு ஆட்டோ ஓட்டுநரின் மகள், காசிமா. 2024இல் அமெரிக்காவில் நடந்த உலக கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிக்கொண்டு வந்தார். போவதற்கு முன்னால் எந்தச் சுவரில் அவருக்குச் சுவரொட்டி ஒட்டினோம்? எந்த மேடையில் சவால் விட்டார்? சத்தமில்லாமல் போனார். ஸ்ட்ரைக்கர் மட்டும்தான் சத்தம் போட்டது. திரும்பி வரும்போது சென்னையே பேசியது. (பலத்த கைதட்டல்)

(நடுவர் மீண்டும் மணி அடிக்கிறார்)

முடித்துவிட்டேன் ஐயா. விளம்பரம் வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை. கூவுங்கள், தாராளமாகக் கூவுங்கள். கூடையில் இருக்கிற மீன் புதிதாக இருக்கட்டும். அவ்வளவுதான் நாங்கள் கேட்பது. வாய் கூட்டத்தைச் சேர்க்கும். சேர்ந்த கூட்டத்தின் முன்னால் தனியாக நிற்கப்போவது காலும் கையும். ஆகவே நடுவர் அவர்களே, களத்தில் வீரனை நிலைநிறுத்துவது விளம்பரம் அல்ல, வித்தையே, வித்தையே, வித்தையே என்ற நல்ல தீர்ப்பைத் தாருங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.

(பலத்த கைதட்டல்)